சிவப்புப் பொத்தானுக்கு ஓர் ஆள்

குணமாகவில்லையே என்று பயப்படுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். குணமாகிவிட்டதே என்று பயந்து நடுங்குகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் அந்த ரகம். பைத்தியமில்லை, சோம்பேறியுமில்லை. சலவை ஆலையில் அவள் ஓடியாடி வேலை செய்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் காலையில் குளியலறைக்குள் நின்று உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, சட்டைக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடது கைக்கு உதவியாக வலது கை விரல்கள் தாமாகவே வந்தன. வந்து, கொக்கியைப் பிடித்து, மாட்டியும்விட்டன. அவளுக்கு நெஞ்சு பகீரென்றது. கதவுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று முதலில் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் என்பதற்கு அந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளும் தங்கும் விடுதிகளும் அழுக்காக்குகிற விரிப்புகளெல்லாம் வந்து சேருகிற இடம் அது. துவைத்துப் பிழிந்த விரிப்பை ரோலரில் கொடுக்க வேண்டும். ரோலர் என்பது ஓர் அறை அகலத்துக்குப் படுத்துக் கிடக்கும் ராட்சச இஸ்திரி. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறி, விளிம்பை நேராக்கி அதன் வாயில் வைத்தால், கொதிக்கிற உருளைகள் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் தள்ளிவிடும். அங்கே நிற்கிற மடிப்புக்காரிகள் இரண்டு பேரும் மடித்து அடுக்குவார்கள். வாய்க்கு முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. விரல் உள்ளே போகப் பார்த்தால் கம்பியில் இடிக்கும், கம்பி அசைந்தால் மெஷின் நின்றுவிடும். ஏற்பாடு அப்படி. போன வருடம் ஒரு நாள் கம்பி அசைந்தது, மெஷின் நிற்கவில்லை.

அதற்கு மேல் விவரமாகச் சொல்ல மனசு வரவில்லை. அவளுடைய வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது, மறுமுனையைப் பிடித்திருந்த நாத்தனார் இழுத்ததில் வெளியே வந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள், எலும்புக்குத் தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கை மூடிய மொட்டு மாதிரி சுருங்கிக் கிடந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, கம்பியைச் சரிசெய்கிற வரைக்கும் ரோலர் ஓடும் நேரமெல்லாம் நிறுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். ஆலையின் சூப்பர்வைசர் எதற்கும் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் போகிறவர். அதனால் அவருக்குப் பெயரே சரிசரி. ஆனால் இந்த விஷயத்தில் அவர் மூளை வேலை செய்தது. பொத்தானுக்கு ஓர் ஆள் வேண்டும், அடிபட்டவளுக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டரின் சிபாரிசும் இருக்கிறது. புதிதாக ஆள் போடுவானேன்? அவளைக் கூப்பிட்டுத் தூணோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தூணில் சிவப்புப் பொத்தான், நல்ல கையான இடது கைக்கு எட்டுகிற தூரத்தில். ராணி மாதிரி இரும்மா என்று வேறு சொன்னார்.

ராணிதான். ஆனால் அந்தப் பட்டம் நிரந்தரமில்லை. கை டாக்டரம்மா அவ்வப்போது கையைச் சோதித்து எழுதிக் கொடுப்பார். கை இனிமேல் வராது என்று எழுதிவிட்டால் ஆலைக்கு அவள் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். கை முழுசாக வந்துவிட்டது என்று எழுதினால் பழைய வேலைக்கு, அதாவது ரோலர் வாய்க்குப் போக வேண்டும். நாற்காலி நிலைக்க வேண்டுமானால் ஒரே வழிதான்: கை வந்துகொண்டே இருக்க வேண்டும், வந்து சேரக் கூடாது.

வீட்டுக்குப் போவது சின்ன விஷயமில்லை. புருஷன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். மழை வந்தால் வேலையில்லை, வெயில் வந்தாலும் யாராவது கூப்பிட்டால்தான் வேலை. வாடகை வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பு எரிய வைத்துக்கொண்டிருந்தது. ஆலை வாசலில் தினமும் காலையில் வேலை கேட்டு நிற்கிற பெண்களை அவள் கடந்துதான் உள்ளே போவாள். அவர்கள் முகத்தை அவள் பார்க்கமாட்டாள், கைகளைத்தான் பார்ப்பாள். எல்லாம் முழுசான கைகள்.

அப்படியானால் ரோலருக்கே திரும்பிப் போகலாமே என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் ஒரு தடவை அந்த வாய்க்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து கேட்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதே அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றும். ஈரத்துணி சூட்டில் பட்டு எழுகிற அந்த ஆவி வாசம் மூக்கில் ஏறினால் மூச்சை அடக்கிக்கொள்வாள். தூக்கத்தில் கூட வலது கையை இடது அக்குளுக்குள் செருகி வைத்துக்கொண்டுதான் படுப்பாள். அவள் புருஷன் அதைக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்.

ஆக, கொக்கி மாட்டிய அன்றிலிருந்து அவள் பாதிக் குணத்தில் நின்று பிழைக்கக் கற்றுக்கொண்டாள். லேசான காரியமில்லை அது. கை டாக்டரம்மா சின்னப் பெண், சிரித்த முகம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, பஞ்சை அமுக்கச் சொல்வார், பலகையில் இருக்கிற துளைகளில் மரக்குச்சிகளைச் செருகச் சொல்வார். இவள் சிலதைச் செருகி, சிலதைத் தவறவிடுவாள். போன தடவையைவிடக் குறைவாகத் தவறவிட வேண்டும், இல்லாவிட்டால் கை வராது என்று எழுதிவிடுவார். ரொம்பக் குறைவாகத் தவறவிட்டாலும் ஆபத்து. ஒரு குச்சி துளைக்குள் போனதும் அந்தப் பெண் கைதட்டிச் சந்தோஷப்படும்போது, இவளுக்கு அடுத்த குச்சியைத் தரையில் போடக் குற்ற உணர்ச்சியாக இருக்கும். போடுவாள். தேறுகிறது, இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மூச்சே சீராகும்.

புருஷனிடம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லிவிடுவார் என்று பயம்.

நாற்காலியில் நிம்மதியாகவாவது இருந்தாளா என்றால் அதுவுமில்லை. உட்கார்ந்த முதல் நாளிலிருந்தே கண்கொத்திப் பாம்பாக ரோலர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நாத்தனார், புருஷனுடைய அக்கா, நெட்டையான பெண்பிள்ளை, அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அந்த அம்மாள்தான். இன்னொருத்தி, அவளுடைய இடத்துக்குத் தற்காலிகமாக வாசலிலிருந்து எடுத்த பெண். அவளை எல்லோரும் புதுசு என்று கூப்பிட்டார்கள். புதுசின் சட்டைக் கை கொஞ்சம் தொங்கினால் இவள் பொத்தானை அழுத்திவிடுவாள். நாத்தனார் விளிம்பை நேராக்கக் கொஞ்சம் குனிந்தால் அழுத்திவிடுவாள். ஒரு நாள் யாரோ தும்மியதற்கே அழுத்திவிட்டாள்.

ரோலர் நின்றால் சும்மா நிற்காது. உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட விரிப்பு தீய்ந்து பழுப்பாகிவிடும். அதை எடுத்து மறுபடி துவைக்க அனுப்பி, மெஷினைப் பழைய சூட்டுக்கும் வேகத்துக்கும் கொண்டுவருவதற்குள் பாதி வேலை போய்விடும். கட்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அது வயிற்றில் அடிப்பது. முதலில் சிரித்தார்கள். புதுசுதான் அவளுக்கு பிரேக்கு என்று பெயர் வைத்தாள். பிரேக்கு வந்தாச்சா, பிரேக்கு சாப்பிட்டாச்சா என்று மடிப்புக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிறகு சரிசரியிடம் புகார் போனது. அவர் வந்து, காரணமில்லாமல் இன்னொரு தடவை மெஷின் நின்றால் நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாசலில் ஆளுக்கா பஞ்சம்?

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் டப்பா இருந்தது, திறக்கவில்லை.

"உனக்கு பயம், எனக்குப் புரியுது. ஆனா உன் பயத்துக்கு நாங்க நாலு பேரும் எவ்வளவு நாள் கூலிய கொட்டறது? இன்னொரு தடவ சும்மா அழுத்தினா நானே போயி உன்ன மாத்தச் சொல்லிடுவேன். தம்பி பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்."

"சும்மா அழுத்தல அண்ணி. எனக்கு கை உள்ள போற மாதிரியே தெரியுது."

"தெரியும். தெரிஞ்சா கண்ண மூடிக்கோ."

கண்ணை மூடிக்கொள்வதற்கா நாற்காலி போட்டிருக்கிறார்கள்? ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணி சொன்னதைச் செய்துகாட்டுகிறவள். கண்ணை மூட முடியவில்லை, அதனால் வேறு வழி கண்டுபிடித்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பொத்தானை அழுத்துவதற்கென்று சம்பளம் வாங்குகிற ஒரே ஆள், அழுத்துகிற கையை நாள் முழுக்க நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை. பயம் வந்து கை துடிக்கும்போதெல்லாம் இன்னும் அழுத்தி உட்காருவாள். மெஷின் நிற்காமல் ஓடியது. கட்டுகள் குவிந்தன. மடிப்புக்காரிகளில் ஒருத்தி அவளைப் பெயர் சொல்லிக் கூடக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்த ஒரு மதியம் அது நடந்தது. நாடா வைத்த ஆபரேஷன் அங்கிகளை ரோலரில் கொடுக்கக் கூடாது, தனியாகப் பிரித்துவிடுவார்கள். அன்றைக்கு ஓர் அங்கி பிரிக்கிறவர்கள் கண்ணுக்குத் தப்பி, ஈர விரிப்புக்குள் சுருண்டு வந்துவிட்டது. நாத்தனார் உதறியபோது அதன் நாடா நழுவி அவளுடைய விரல்களில் சுற்றிக்கொண்டது. ஏதோ ஓரத்து நூல் என்று நினைத்திருப்பாள். விளிம்பை வாயில் வைத்தாள். உருளை விரிப்பை இழுத்தது, விரிப்பு அங்கியை இழுத்தது, அங்கி நாடாவை இழுத்தது.

நாற்காலியில் இருந்தவள் அந்த நேரம் கைகளைப் பார்க்கவேயில்லை. கைகளைப் பார்த்தால் பயம் வருகிறதென்று தோள்களைப் பார்க்கப் பழகியிருந்தாள். நாத்தனாரின் தோள் ஒரு விரற்கடை முன்னால் போனது. நிமிர வேண்டிய தோள் நிமிரவில்லை. முகம் இந்தப் பக்கம் திரும்பியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அந்த நேரத்தில் சத்தம் வராது. வேறு யாரோ நமக்காகக் கத்தப்போகிறார்கள் என்று காத்திருக்கத் தோன்றும். அது அவளுக்குத்தான் தெரியும்.

இடது கையை உருவப் பார்த்தாள். அது தொடைக்கடியில் மரத்துப்போய் விறகுக்கட்டையாகக் கிடந்தது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. காவல் கம்பி அசைவது தெரிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மெஷின் நின்றது.

யார் நிறுத்தினார்கள் என்று அவளும்தான் சுற்றும் முற்றும் தேடினாள். தன் உடம்புக்குக் குறுக்கே ஒரு கை நீண்டு தூணில் போய் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். தோல் ஒட்டுப்போட்ட கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை முழுசாகப் பொத்தான் மேல் பதிந்திருந்தது.

புதுசு கத்தரிக்கோலோடு ஓடிப்போய் நாடாவை வெட்டினாள். நாத்தனார் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். விரல்கள் சிவந்து கன்றிப்போயிருந்தன, நுனியில் சூடு பட்டிருந்தது, ஆனால் அத்தனையும் இருந்தன. அதை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் மெஷின் நின்ற சத்தம் கேட்டு, திட்டுவதற்குத் தயாராக சரிசரி வந்துவிட்டார். நடந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்ல வேளை," என்றார். "நல்ல வேளைம்மா, அழுத்தினே."

"இடது கையாலதான் அழுத்தினா," என்றாள் நாத்தனார் தரையிலிருந்து. யாரும் கேட்காமலே சொன்னாள். "நான் பாத்தேன். இடது கை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொத்தான் மேலிருந்து கையை எடுத்துவிடு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. எடுத்தால் மெஷின் மறுபடி ஓடிவிடும் என்று அது நம்பியதுபோல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சரிசரி பக்கத்தில் வந்து அந்தக் கையைப் பார்த்தார். விரல் ஒவ்வொன்றையும் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. கெட்ட மனுஷனில்லை அவர், உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"கை வந்துடுச்சேம்மா," என்றார்.

மடிப்புக்காரிகள் ஓடிவந்து அவளை எழுப்பிக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். புதுசு கூடக் கைதட்டினாள், தட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதோ உறைத்ததுபோல் நிறுத்திவிட்டாள். அந்தக் கூடத்தில் அத்தனை சந்தோஷத்தை யாரும் கண்டதில்லை. நடுவில் நின்ற அவளுக்கு மட்டும் எங்கேயாவது போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் நாத்தனார் கூடவே வந்தாள். கட்டுப்போட்ட விரல்களை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத்துலேந்து தெரியும் அண்ணி?"

"ரொம்ப நாளாச்சு. கழிப்பறையில கண்ணாடி முன்னாடி ரெண்டு கையாலயும் கொண்டை போட்டுட்டிருந்தே. கதவு சரியா சாத்தல."

"யார்கிட்டயும் சொல்லலியே."

"சொல்லி?" என்றாள் நாத்தனார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அன்னைக்கு உன் கைய வெளிய இழுத்தவ நான்தானே. அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்," என்றாள்.

மறுநாளே கை டாக்டரம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். சரிசரி முன்கூட்டியே பேசி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். குச்சிப் பலகையை முன்னால் வைத்தபோது அவள் பழக்கதோஷத்தில் ஒன்றைத் தவறவிட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அதை எடுத்து அவள் கையில் மறுபடி கொடுத்தார். மூளைக்குக் கை மறந்துபோய்விடவில்லை, ஓர் அவசரம் வந்ததும் தானாக வழி திறந்துகொண்டது என்று விளக்கினார். தன் வைத்தியம் பலித்த பெருமை அந்த முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல இனி தெம்பில்லை. குச்சிகளையெல்லாம் செருகிவிட்டாள்.

"டாக்டரம்மா, கைக்கு இவ்வளவு பயிற்சி குடுத்தீங்க. பயத்துக்கு ஏதாவது இருக்கா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "வேலைக்குப் போகப் போக அது தானா போயிடும்."

"போகலன்னா?"

டாக்டரம்மா பலகையையும் பஞ்சையும் பார்த்தார், இவளைப் பார்த்தார். கொஞ்ச நாள் மெதுவாகச் செய்யும்படி ஆலைக்குச் சொல்வதாகச் சொன்னார். நல்ல பெண்தான். வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பேனா கொஞ்சம் தயங்கியது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குளியலறையில் கொக்கி மாட்டியது, குச்சிகளைத் தரையில் போட்டது, நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து விரித்துப் பார்த்தார். அவர் நகக்கண்ணிலெல்லாம் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. வேலையை விட்டுவிடு என்றார். ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் போன வாரம் வந்து வாடகை கேட்டுவிட்டுப் போனது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"நீங்க ஏணியில ஏறும்போது பயமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருக்கும்."

"அப்புறம் எப்படி ஏறுறீங்க?"

"கீழ பாக்கமாட்டேன்."

அவளுக்கு அது உதவாது. அவள் வேலையில் கண் இருக்க வேண்டிய இடமே வேறு. ஆனால் அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், அதனால் தலையாட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஆலை வாசலில், வேலை கேட்டு நிற்கிறவர்களோடு புதுசு நின்றுகொண்டிருந்தாள். இடம் நிரம்பிவிட்டதென்று சனிக்கிழமையே அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பியிருந்தார்கள். பிரேக்கு என்று பெயர் வைத்தவள்தான். சிரிக்கப் பார்த்தாள். இவள் மன்னிச்சுக்கோ என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் பின்னாலிருந்தவர்கள் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கூடத்தில் தூணோரம் காலியாக இருந்தது. நாற்காலியைக் காணோம்.

"கம்பிய சரிபண்ணியாச்சும்மா," என்றார் சரிசரி. "அதனால பொத்தானுக்கு ஆள் வேண்டாம்னு ஆயிடுச்சு." காட்டுகிறேன் பாருங்கள் என்று துடைப்பக் கட்டையை எடுத்துக் கம்பியில் ஓர் இடி இடித்தார். மெஷின் நின்றது. பார்த்தீர்களா என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி ஓட விட்டார்.

"இன்னொரு தடவ இடிச்சுக் காட்டுங்க சார்," என்றாள் அவள்.

"சரி சரி," என்று சொல்லிவிட்டு, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். திறந்திருந்த கதவு வழியாக அவர் அறை தெரிந்தது. அந்த நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார்.

அவள் ரோலருக்கு முன்னால் போய் நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஓடிவிடலாம் என்று தோன்றியது, எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் நாத்தனார் வந்து நின்றாள். விரல் கட்டுகளை அவிழ்த்திருந்தாள். தீய்ந்த இடத்தில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் மினுங்கியது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

இவ்வளவு வருஷம் அந்த இடத்தில் நின்ற அண்ணிக்குப் பயமென்பதே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தாள்? கூடத்தில் பயந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டல்லவா நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்? ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக இல்லை, இன்னும் பயமாகத்தான் இருந்தது.

மறுபக்கத்திலிருந்து மடிப்புக்காரிகள் என்னாச்சு என்று குரல் கொடுத்தார்கள். வண்டியில் ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன.

"இங்க பாரு," என்றாள் நாத்தனார். மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, அவள் காதோரம் குனிந்து சொன்னாள். "பொத்தான் எட்டாது. கம்பிய நான் நம்பல, நீயும் நம்பாத. என் கைய நீ பாரு, உன் கைய நான் பாக்கறேன். ஏதாவது தெரிஞ்சா துணிய விட்டுட்டு ஆளப் பிடிச்சு இழு. கூலி போனாப் போகட்டும்."

"சரி அண்ணி."

விரிப்பை எடுத்தார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறினார்கள். அவள் நாத்தனாரின் விரல்களையே பார்த்தாள், இமைக்காமல் பார்த்தாள், ரோஜா நிறத்துப் புதுத்தோல் விளிம்போடு சேர்ந்து வாயை நோக்கிப் போவதைப் பார்த்தாள். நாத்தனாரின் கண் இவள் கை மேலேயே இருந்தது. உருளை துணியைக் கவ்வி இழுத்தது. தன்னுடைய வலது கை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பார்க்க அவளுக்குக் கண் மிச்சமில்லை. விரல் நுனியில் சூடு ஏறுவது மட்டும் தெரிந்தது.

விரிப்பு உள்ளே போனது. அவர்கள் அடுத்ததை எடுத்தார்கள்.